கையொப்பமும் மனவொப்பமும்

நிலம் வாங்குதல், வீடு விற்றல், கடன் பெறுதல் முதலிய யாவும் ஒப்பந்தத்தால் நடைபெறுவன. ஒப்பந்தத்திற்குக் கையொப்பம் அடையாளம், மனவொப்பமே உயிர். மனம் ஒப்பாதபோது கை இட்ட ஒப்பம் ஒருவரைக் கட்டுப்படுத்துமோ? இவ்வினாவிற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விடை கூறுகின்றது.

இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் கொண்டு உடன்படுதல் இசைவு எனப்படும். அவ்விசைவைக் கெடுப்பன சில உள. அச்சுறுத்தி இசையச் செய்தல் வற்புறுத்தல் ஆகும். தம்மைச் சார்ந்து நிற்பவரின் மனத்தை வளைத்து முறையற்ற நன்மை பெறுதல் தகாச் செல்வாக்கு ஆகும். அறிந்தே பொய் கூறி ஏமாற்றுதல் வஞ்சனை; மெய்யென்று நம்பித் தவறாக உரைத்தல் பிறழவுரைத்தல்.

ஆரணியாற்றங்கரையில் உள்ள பெரியபாளையத்தில் ஒருவர் தம் மனையை விற்கின்றார் எனக் கொள்வோம். அம்மனை அடைமானத்தில் இருப்பதை அறிந்தும், வில்லங்கம் ஏதும் இல்லை என்று உறுதி கூறுகின்றார். நம்பி வாங்கியவர் இசைந்தது வில்லங்கமற்ற மனைக்கே. ஆதலின் இது வஞ்சனையாம்.

வற்புறுத்தலின் இயல்பை 1917ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று நன்கு விளக்கும். ஒருவர் தம் மனைவியும் மகனும் தமதென உரிமை பாராட்டிய சொத்தைத் தம் உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுக்குமாறு கேட்டார். மறுத்தால் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டினார். அஞ்சிய இருவரும் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டனர். அவர்கள்மீது எவரும் கை ஓங்கவில்லை. மிரட்டியவர் தம் உயிரையே பணயமாக வைத்தார். இது வற்புறுத்தல் ஆகுமா? ஆகாது என்றார் நீதிபதி ஒருவர். தற்கொலை அன்றைய தண்டனைச் சட்டம் விலக்கிய செயலாதலின், அதனைக் காட்டி மிரட்டிப் பெற்ற இசைவு வற்புறுத்தலால் பெற்றதே என்று ஏனைய இருவரும் தீர்ப்பளித்தனர். அன்பினால் பிறந்த அச்சமும் மனத்தைச் சிறைப்படுத்தும் என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய ஒப்பந்தம் தானே அழிவதில்லை. அதனை நீக்குவதும் நிலைநிறுத்துவதும் தீங்குற்றவரின் விருப்பம்; தீங்கு செய்தவருக்கு அவ்வுரிமை இல்லை. நீக்குவோர் தாம் பெற்ற பயனைத் திருப்பித் தருதல் வேண்டும். பத்திரத்தை நீக்கக் கோரும் வழக்கை, அதற்குரிய உண்மையை அறிந்த நாள் முதல் 3 ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். உண்மை அறிந்த பின்னும் ஒப்பந்தத்தின் பயனைத் துய்த்து வருவோர் அதனை ஏற்றவராகக் கருதப்படுவர். இன்றியமையாத செய்தி ஒன்றில் இருவரும் ஒருங்கே பிழைபட்டிருப்பின், அவ்வொப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாததாகும்.

விலை குறைந்துவிட்டது என்று பின்னர் வருந்துதல் மட்டும் ஒப்பந்தத்தை நீக்கப் போதாது. எனினும், இசைவு உண்மையானதோ என ஆராயும் நீதிமன்றம் மிகக் குறைந்த விலையையும் கருத்தில் கொள்ளலாம்.

ஆகவே மாணவர்களே, படித்துப் பொருள் உணராமல் எதிலும் ஒப்பமிடாதீர்கள். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பிறர் அஞ்சி நீட்டும் கையொப்பத்தை ஒருநாளும் பெறாதீர்கள். அதனால் வரும் பொருள் நிலைப்பதில்லை.