ஐக்கிய அமெரிக்காவில் விற்பனை வரி

ஐக்கிய அமெரிக்காவில் விற்பனை வரி என்பது பொருட்களும் சில சேவைகளும் இறுதி நுகர்வோருக்கு விற்கப்படும்போது மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் விதிக்கும் வரியாகும். அந்நாட்டின் நடுவண் அரசு பொது விற்பனை வரி எதனையும் விதிப்பதில்லை. 45 மாநிலங்களிலும், தலைநகர் வாசிங்டன் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்திலும் இவ்வரி உண்டு. அலாஸ்கா, டெலவெயர், மொன்டானா, நியூ ஹாம்சயர், ஓரிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில அளவிலான பொது விற்பனை வரி இல்லை. எனினும் அலாஸ்காவில் பல ஊர்கள் தாமாகவே இவ்வரியை விதிக்கின்றன.

பொதுவாக இவ்வரியின் சுமையைத் தாங்குபவர் வாங்குபவர்; அதனைத் திரட்டி அரசிடம் செலுத்த வேண்டியவர் விற்பவர். இவ்விரு பொறுப்புக்களையும் பிரித்து அறிந்துகொண்டால் விற்பனை வரி விதிகளில் பெரும்பகுதியை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

வரலாறு

1929இல் தொடங்கிய பெரும் பொருளியல் வீழ்ச்சியின்போது மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொத்து வரி மூலம் கிடைத்துவந்த வருமானம் பெரிதும் குறைந்தது. அதனை ஈடுசெய்ய 1930களில் மிசிசிப்பி உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விற்பனை வரியை அறிமுகப்படுத்தின. தற்போதுள்ள 45 மாநிலங்களுள் இறுதியாக 1969இல் வெர்மான்ட் இவ்வரியை ஏற்றது.

விலையும் வரியும்

வரி வீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் மாநிலம் முழுவதற்குமான அடிப்படை வீதம் 7.25 விழுக்காடு, கொலராடோவில் அது 2.9 விழுக்காடு மட்டுமே. பல மாநிலங்களில் மாவட்டங்களும் நகரங்களும் இதன்மேல் தம் வரியைச் சேர்க்கின்றன. டெக்சாசில் மாநில வரி 6.25 விழுக்காடு, உள்ளாட்சிகள் மேலும் 2 விழுக்காடு வரை விதிக்கலாம். ஆகவே அங்கு 20 டாலர் விலையுள்ள சட்டைக்கு, உயர்ந்த வீதமான 8.25 விழுக்காட்டின்படி, 21.65 டாலர் செலுத்த நேரிடும்.

இந்தியாவில் பொதியிடப்பட்ட பொருட்களின் மீது அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் அலமாரியில் காட்டப்படும் விலையில் பொதுவாக வரி சேர்க்கப்படுவதில்லை. பணம் செலுத்துமிடத்தில்தான் அது கூட்டப்படுகின்றது. நகருக்கு நகர் வீதம் மாறுவதால் நாடெங்கும் ஒரே விலையை விளம்பரப்படுத்த இம்முறை வணிகர்களுக்கு உதவுகின்றது. ஆனால் புதிதாகச் செல்வோர் கையிலுள்ள பணத்தைக் கணக்கிடும்போது வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலக்குகள்

மருத்துவரின் பரிந்துரைப்படி வாங்கப்படும் மருந்துகளுக்கு ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் விலக்கு அளிக்கின்றன. சமைக்கப்படாத உணவுப் பொருட்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் மாநில வரி இல்லை. சில மாநிலங்கள் குறைந்த வீதத்திலோ முழு வீதத்திலோ வரி விதிக்கின்றன. கான்சஸ் மாநிலம் உணவுப் பொருட்களின் மீதான தன் வரியைப் படிப்படியாகக் குறைத்து 2025 சனவரி 1 முதல் நீக்கியது.

விலக்குகளின் எல்லை சில வேளைகளில் மிக நுட்பமானது. நியூ யார்க்கில் பேகல் எனப்படும் வளைய வடிவ ரொட்டியை முழுதாக வாங்கிச் சென்றால் வரி இல்லை. கடையிலேயே அதனை வெட்டியோ வெண்ணெய் தடவியோ கொடுத்தால் அது ஆயத்த உணவாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். அதே மாநிலத்தில் 110 டாலருக்குக் குறைவான விலையுள்ள ஆடைக்கு மாநில வரி விலக்கு உண்டு. டெக்சாசில் 1999 முதல் ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் காலத்தையொட்டிச் சில நாட்கள் வரி விடுமுறை அளிக்கப்படுகின்றது. அந்நாட்களில் 100 டாலருக்குக் குறைவான பெரும்பாலான ஆடைகளையும் காலணிகளையும் வரியின்றி வாங்கலாம்.

மறுவிற்பனைச் சான்றிதழ்

விற்பனை வரி இறுதி விற்பனையின்போது மட்டுமே விதிக்கப்படுவது. உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் விதிக்கப்படும் மதிப்புக் கூட்டு வரியிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகின்றது. ஒரு கடைக்காரர் விற்பதற்காக மொத்த வணிகரிடம் பத்து நாற்காலிகளை வாங்குகிறார் எனக் கொள்வோம். அவர் மறுவிற்பனைச் சான்றிதழை அளித்தால் அக்கொள்வனவுக்கு வரி இல்லை. ஆனால் அவற்றுள் ஒன்றைத் தம் அலுவலகத்தில் போட்டுக்கொண்டால் அந்த ஒன்றுக்கு அவரே நுகர்வோர் ஆகிறார்; அதற்குரிய வரியை அவர் செலுத்த வேண்டும்.

வணிகரின் கடமைகள்

வரிக்குரிய பொருட்களை விற்பவர் முதலில் மாநில வருவாய்த் துறையிடம் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். பின்னர் விற்பனையின் அளவுக்கேற்ப மாதந்தோறும், காலாண்டுதோறும் அல்லது ஆண்டுதோறும் கணக்கு அறிக்கையுடன் வரியைச் செலுத்த வேண்டும். விற்பனை நிகழாத காலத்துக்கும் பல மாநிலங்களில் அறிக்கை அளித்தல் கட்டாயமாகும்.

திரட்டப்பட்ட வரி வணிகரின் பணமன்று. அரசுக்காக அவர் காத்துவைத்திருக்கும் பணமாகவே சட்டம் அதனைக் கருதுகின்றது. நெருக்கடியின்போது அதனை வாடகைக்கோ சம்பளத்துக்கோ செலவிட்டால், நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் அதன் பொறுப்பாளர்களின் சொந்தச் சொத்திலிருந்து அத்தொகை அறவிடப்படலாம். வரியைத் திரட்டத் தவறிய வணிகரும் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. பல ஆண்டுகள் கழித்து நடைபெறும் தணிக்கையில் தவறு தெரியவந்தால் வரி, வட்டி, தண்டம் ஆகிய மூன்றையும் அவர் தம் கையிலிருந்து கட்ட நேரிடும்.

பயன்பாட்டு வரி

விற்பவர் வரி திரட்டாத நிலையில், பொருளைத் தம் மாநிலத்தில் பயன்படுத்துபவர் தாமே செலுத்த வேண்டிய இணையான வரி பயன்பாட்டு வரி எனப்படும். வரியில்லா ஓரிகனில் ஒரு பொருளை வாங்கி வாசிங்டன் மாநிலத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்துபவருக்கு இக்கடமை உண்டு. ஊர்தி போன்று பதிவு செய்யப்படும் பொருட்களைத் தவிர, தனி நுகர்வோரிடம் இதனை அறவிடுவது கடினமாகவே இருந்துவருகின்றது.

வெளிமாநில விற்பனை

இக்குறைபாடு அஞ்சல்வழி வணிகத்தாலும் பின்னர் இணைய வணிகத்தாலும் பெரிதாயிற்று. ஒரு மாநிலத்தில் கடை, கிடங்கு, பணியாளர் போன்ற நேரடித் தொடர்பு உள்ள வணிகரை மட்டுமே வரி திரட்டுமாறு அம்மாநிலம் கட்டாயப்படுத்தலாம் என்று 1992இல் குவில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் உள்ளூர்க் கடைக்காரர் வரி சேர்த்து விற்க, வெளிமாநில இணையக் கடை வரியின்றி விற்கும் நிலை ஏற்பட்டது.

வருமான வரி இல்லாததால் விற்பனை வரியைப் பெரிதும் நம்பியிருந்த தெற்கு டகோட்டா, 2016இல் இதற்கு எதிராகச் சட்டமியற்றியது. ஓராண்டில் அம்மாநிலத்தில் 100,000 டாலருக்கு மேல் அல்லது 200 முறையோ அதற்கு மேலோ விற்பனை செய்பவர் வரி திரட்ட வேண்டும் என்பது அப்போது அதன் விதியாக இருந்தது. வேஃபேர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2018 சூன் 21 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. அதன் பின்னர் விற்பனை வரியுள்ள மற்ற மாநிலங்களும் இத்தகைய விதிகளை இயற்றின. அவற்றுள் இறுதியான மிசூரியின் விதி 2023 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அமேசான், ஈபே போன்ற விற்பனைத் தளங்களில் பொருள் விற்கும் சிறு வணிகர்களுக்காக அத்தளங்களே வரி திரட்ட வேண்டும் என்ற விதியும் பரவலாயிற்று.

விமர்சனம்

வருமானம் குறைந்தோரை விற்பனை வரி கூடுதலாகத் தாக்குகின்றது என்பது இதன்மீதான முதன்மையான விமர்சனமாகும். மாதம் 2,000 டாலர் ஈட்டும் குடும்பமும் 10,000 டாலர் ஈட்டும் குடும்பமும் 300 டாலருக்கு வரிக்குரிய பொருட்களை வாங்கினால், 8 விழுக்காட்டின்படி இரண்டும் 24 டாலர் வரி செலுத்தும். முதற் குடும்பத்துக்கு இது வருமானத்தில் 1.2 விழுக்காடு, இரண்டாவதற்கு 0.24 விழுக்காடு மட்டுமே. உணவு, மருந்து ஆகியவற்றுக்கான விலக்குகள் இவ்வேறுபாட்டைக் குறைக்கின்றன. ஆனால் விலக்குகள் பெருகப் பெருக விதிகள் சிக்கலாகி, அவற்றைப் பின்பற்றும் செலவு சிறு வணிகர்கள் மேல் விழுகின்றது.