நீங்கள் எழுதிய கட்டுரை யாருக்குச் சொந்தம்?

“அக்கா, நான் எழுதின கட்டுரையை நானே தமிழ்ல மொழிபெயர்த்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா?”

அண்மையில் முனைவர் பட்டம் முடித்த இளம் நேயர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பினாங்குத் தமிழர்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்திருக்கிறது. அதைப் படிக்கக் கட்டணம் கட்ட வேண்டும். யாருடைய கதைகளைக் கேட்டு அதை எழுதினாரோ, அந்தத் தாத்தா பாட்டிகளால் அதைப் படிக்க முடியாது. தமிழில் வந்தால் படிப்பார்களே என்பது அவர் ஆசை.

வானொலியில் இருப்பதால் உரிமைத் தொகை எனக்குப் பழகிய விஷயம். ஒரு பாடலை ஒலிபரப்பினால் எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவு நிறுவனம் எனப் பலருக்கும் அதில் பங்கு உண்டு. ஆய்விதழ் உலகம் வேறு மாதிரி. கட்டுரை எழுதியவருக்குப் பெரும்பாலும் ஒரு காசும் கிடைக்காது. அதை மதிப்பாய்வு செய்யும் பேராசிரியர்களும் பொதுவாகச் சம்பளம் வாங்காமல்தான் செய்கிறார்கள். அப்படியிருந்தும் உரிமை பல நேரங்களில் பதிப்பகத்திடம் போய்விடுகிறது.

கையெழுத்தில் கைமாறும் உரிமை

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துப் படைப்புக்கு உரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாகத்தான் கொடுக்க முடியும்.

அதனால்தான் கட்டுரை ஏற்கப்பட்டதும் மின்னஞ்சலில் ஒரு படிவம் வருகிறது. முதல் கட்டுரை வெளிவரப்போகும் மகிழ்ச்சியில் பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். அந்தப் படிவத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உரிமையையே மாற்றிக் கொடுப்பது. மற்றது, வெளியிட அனுமதி மட்டும் கொடுப்பது. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. விற்றுவிட்டால், கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கும். மொழிபெயர்த்து வெளியிட மட்டும் பதிப்பகத்தின் அனுமதி வேண்டும்.

நம் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. வேறு மொழியில் உள்ள எழுத்துப் படைப்பைத் தேசிய மொழியில் மொழிபெயர்த்து வெளியிட, சில நிபந்தனைகளோடு பதிப்புரிமை நடுவர் மன்றத்தில் உரிமம் கோரலாம். ஆனால் அது மலாய் மொழிக்கு மட்டும். தமிழுக்கு அந்த வழி இல்லை.

திறந்த கதவுகள்

நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1983 முதல் வெளியிட்டு வரும் ‘கஜியான் மலேசியா’ ஆய்விதழை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதன் அண்மைக் கட்டுரைகளில் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு என்று இருக்கும். அதற்குக் கீழேயே ‘சிசி பை’ உரிமம் என்றும் இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002இல் அறிமுகப்படுத்திய உரிம வகைகளில் ஒன்று அது. எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, செய்த மாற்றத்தையும் சொல்லிவிட்டால், யாரிடமும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம். விற்பனைக்கு வரும் நாளிதழிலும் வெளியிடலாம்.

ஆனால் எல்லா சிசி உரிமமும் ஒன்றல்ல. ‘என்சி’ என்று சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘என்டி’ என்று இருந்தால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதாலேயே எடுத்து வெளியிடலாம் என்று ஆகிவிடாது. கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள உரிமக் குறிப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

கையெழுத்திடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: உரிமை மாறுகிறதா, அனுமதி மட்டுமா? ஏற்கப்பட்ட கைப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கலாமா, எவ்வளவு காலம் கழித்து? மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம்? தமிழில் வெளியிடும் உரிமையை நானே வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மறுத்தால் மறுக்கட்டும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டீர்களா? அப்போதும் வழி இருக்கிறது. பதிப்பகத்தின் அனுமதிப் பிரிவுக்கு எழுதி, எந்தப் பத்திரிகை, எந்த மொழி, எத்தனை சொல் என்று தெளிவாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பதிப்புரிமை சொன்ன விதத்துக்குத்தான். கருத்துக்கும் தகவலுக்கும் அல்ல. நம் சட்டமும் கருத்துகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்றே சொல்கிறது. ஆகவே ஆய்வில் கண்டறிந்ததை வைத்துத் தமிழில் புதிதாக ஒரு கட்டுரை எழுதலாம். வரிக்கு வரி பெயர்க்கக் கூடாது. அந்த இதழில் வந்த படங்களையும் அட்டவணைகளையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. அந்த நேயரிடமும் இதைத்தான் சொன்னேன். பாட்டிக்குப் புரிகிற தமிழில் எழுத, நேரடி மொழிபெயர்ப்பை விட இதுவே நல்லது என்றும் சொன்னேன்.

பினாங்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வழக்கறிஞரான அவர் 1847இல் இந்த வட்டாரத்துக்கான ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். ‘இந்தோனேசியா’ என்ற பெயர் 1850இல் அந்த இதழில்தான் அச்சேறியது. லோகன் 1869இல் மறைந்தார். அவர் எழுதியவற்றை இன்று யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம். காலம் அந்த உரிமையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. நம் பிள்ளைகள் இன்று எழுதும் ஆய்வுகளைத் தமிழில் படிக்க அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் அந்தப் படிவத்தை ஒரு முறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.