பக்கத்து வரிசை ஏன் வேகமாக நகர்கிறது?

பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ பக்கம் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. பெட்டி ஒப்படைக்க ஒரு வரிசை, பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வரிசை, குடிநுழைவு முகப்பில் இன்னொன்று. முழங்கால் வலியோடு பாட்டி, தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தை, கடிகாரத்தையே பார்க்கும் அப்பா. நம் வரிசை அசையாது. பக்கத்து வரிசை மட்டும் ஓடும்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு கணிதம் உண்டு. அது பிறந்தது தொலைபேசி நிலையத்தில். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணித அறிஞர் எர்லாங், வரும் அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் போதும் என்று ஆராய்ந்தார். அவரது முதல் கட்டுரை 1909-இல் வந்தது. அழைப்புக்குப் பதில் பயணி, இணைப்புக்குப் பதில் முகப்பு என்று வைத்துக்கொண்டால் விமான நிலையக் கணக்கு கிடைத்துவிடும்.

அந்தக் கணக்கில் என்னை வியக்க வைத்தது இதுதான். ஓர் அதிகாரி ஒருவரைச் சோதிக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 பேர். முன்பின்னாக மணிக்கு 48 பேர் வந்தால், வரிசையில் சேர்ந்து முகப்பைக் கடக்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகும். 54 பேர் வந்தால் 10 நிமிடம். 57 பேர் என்றால் 20 நிமிடம்! கூடியது ஒன்பது பேர்தான்; நேரமோ நான்கு மடங்கு.

காரணம் எளிது. பயணிகள் சீராக வருவதில்லை. ஆளில்லாத நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. மூச்சுவிட நேரமில்லாத முகப்பில் ஒருவருக்குச் சிக்கல் வந்தால், பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்தத் தாமதம் ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவின் துணிக்கடைக் கல்லாவிலும் இதே கதைதான். ஆகவே சற்றே ஓய்வாகத் தெரியும் முகப்பு வீண் செலவல்ல.

விமானங்களோ அலையாக வருகின்றன. 180 பேர் அமரும் மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் 540 பேர். பத்து முகப்புகள் இருந்தாலும் கடைசி ஆள் வெளியேற ஏறக்குறைய 54 நிமிடம் ஆகும். ஆனால் விமான அட்டவணை முன்பே தெரியும். வரிசை நீண்ட பிறகு முகப்பைத் திறப்பதைவிட, அலை வருமுன் திறப்பதே பலன் தரும்.

சரி, பக்கத்து வரிசை? ஒரே மாதிரியான ஐந்து வரிசைகளில் நம்முடையதே மிக வேகமானதாக அமைய ஐந்தில் ஒரு வாய்ப்புதான். அதனால்தான் வங்கிகளில் எண் சீட்டு கொடுத்து எல்லாரையும் ஒரே வரிசையாக்குகிறார்கள். வளைந்து செல்லும் பொது வரிசையும் அப்படித்தான். நீளமாகத் தெரிந்தாலும், முதலில் வந்தவர் முதலில் போவார். ஒருவரின் சிக்கலில் யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

நாமும் சுமையைக் குறைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வருகிறார்களா? இலக்கவியல் வருகை அட்டையை வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள். முகப்பில் செலவாகும் நேரம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

வரிசையில் நிற்கும்போது இன்னொரு கணக்கும் உதவும். முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். 120 பேர், நிமிடத்துக்கு 6 பேர் என்றால் 20 நிமிடம். விமானம் கிளம்ப அதைவிடக் குறைவான நேரமே இருந்தால் தயங்காமல் பணியாளரை அழையுங்கள்.

முகப்பில் இருக்கும் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை. அவர் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும், பக்கத்து முகப்பு மூடியிருந்தால் வரிசை வளரத்தான் செய்யும். நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த முகப்பு ஏன் மூடியிருக்கிறது என்பதே.