நோயாளியிடம் கேட்டீர்களா?

குணமாக்க முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு வைத்த வெண்டிலேட்டரை எடுப்பதும், ஊசி போட்டு அவர் உயிரை முடிப்பதும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் ‘கருணைக்கொலை’ என்று சேர்த்துவிடுகிறோம். அதனால் சட்டம் அனுமதித்திருப்பதைச் செய்யக்கூடப் பயம் வருகிறது.

மூன்று செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது, அல்லது தொடங்காமலே விடுவது. இங்கே உயிரைக் கொண்டுபோவது நோய்தான். இன்னொன்று, மருத்துவரே மருந்து செலுத்தி உயிரை முடிப்பது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் நிபந்தனைகளோடு இதற்கு இடமுண்டு. மூன்றாவது, மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுப்பதோடு சரி. சாப்பிடுவதும் விடுவதும் நோயாளியின் பாடு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இது 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடக்கூடியவர் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், கேட்பவர் சுயபுத்தியோடு இருக்க வேண்டும்.

இந்தியாவில் முதலாவதற்கு மட்டும் அனுமதி. மற்ற இரண்டும் குற்றம்.

அந்த அனுமதிக்கு வழி திறந்தது அருணா ஷான்பாக்கின் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பரில் அங்கேயே ஒரு ஊழியரின் பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். கழுத்தை நாய்ச் சங்கிலியால் நெரித்ததில் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் பாதிக்கப்பட்டு, அதன்பின் நாற்பது வருஷத்துக்கும் மேல் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். மருத்துவமனை நர்ஸுகள் கூடவே கூடாது என்றார்கள். அத்தனை வருஷமும் ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்தவர்கள் அவர்கள். ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. 2011இல் நீதிமன்றம் விரானியின் கோரிக்கையை மறுத்தது. ஆனால் இப்படிப்பட்ட நிலையில் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவாக ஒரு வழி சொன்னது. அருணா 2015இல் நிமோனியாவில் இறந்தார்.

அந்த வழக்கில் இரு தரப்பும் அருணாவின் நன்மைக்காகத்தான் பேசினார்கள். அருணா என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை. நம் ஐ.சி.யூ. வாசல்களில் தினமும் நடப்பதும் இதுதான் என்பதால், எனக்கு இந்த விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதற்குப் பதில் சொன்னது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடக்கம். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதை ‘லிவிங் வில்’ என்கிறோம். நீதித்துறை நடுவர் கையெழுத்து வேண்டும் என்பது போன்ற கெடுபிடிகளால் அது ஏட்டளவிலேயே நின்றது. 2023இல் நீதிமன்றமே அவற்றைத் தளர்த்தியது.

இனி கஷ்டமான கேள்வி. ஓரிகனில் உள்ளது போன்ற சட்டம் இங்கேயும் வேண்டாமா? வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன மருந்து கொடுத்தாலும் அடங்காத அவதி சிலருக்கு உண்டு. ஓரிகனில் மருந்து கேட்பவர்கள் அதிகம் சொல்லும் காரணம் வலிகூட இல்லை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போவது, பிடித்ததைச் செய்ய முடியாமல் போவது. மருந்து வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைச் சாப்பிடுவதே இல்லை. கையில் ஒரு வழி இருக்கிறது என்ற தைரியமே அவர்களில் சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். சாகப்போகிறவருக்கு அந்தத் தைரியத்தை மறுப்பது எளிதல்ல.

ஆனால் அந்தச் சட்டம் முழுக்க நோயாளியின் வாய்ச்சொல்லில் நிற்கிறது. இங்கே நோயாளிக்கு நோயின் பெயரையே சொல்வதில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மகன் முதலில் சொல்வது, “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்.” அப்பாவிடம் ‘வயிற்றில் புண்’ என்பார்கள். ஃபைல் மருமகளின் பையில் இருக்கும். கீமோ கொடுக்கும் வார்டில் சுற்றிலும் முடி கொட்டியவர்களைப் பார்த்து அவர் தானாகவே புரிந்துகொண்டிருப்பார். பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று தெரியாததுபோல இருப்பார். நோயையே சொல்லாதவரிடம் சம்மதம் எங்கிருந்து வாங்குவது?

தென் மாவட்டங்களில் தலைக்கூத்தலைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. முடியாமல் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைப்பது. ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது. செய்பவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்ல. கூலி வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் மலஜலம் எடுக்க ஆள் இல்லாத வீடுகள் அவை. ஆனால் அங்கே முதியவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், ‘உங்களுக்குப் பாரமாக இருக்க வேண்டாம்’ என்று அவர் சொல்வதை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அது வீட்டின் கஷ்டம் அவர் வாய்வழியே பேசுவது. இந்த நிலையில் சாவுக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் சட்டம் இங்கே வரக் கூடாது என்பது என் கருத்து.

ஊரறிந்த இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ஐ.சி.யூ. செலவுக்குக் காசு தீர்ந்ததும், ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாயை எடுத்துவிடுவார்கள். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஒரு மருந்தும் கையில் இருக்காது. இதுவும் சிகிச்சையை நிறுத்துவதுதான். ஆனால் முடிவெடுத்தது பில். இதையே முறைப்படி, அவதியைத் தணிக்கும் மருந்துகளோடு செய்யத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது.

அந்த மருந்துகளில் முக்கியமானது மார்பின். விலை மலிவான பழைய மருந்து. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014 திருத்தம் வழியைக் கொஞ்சம் எளிதாக்கியது. ‘மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்’ என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தெரிந்த மருத்துவர் அளவு பார்த்துக் கூட்டிக் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், நர்ஸையும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பியது. கேரளம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை உண்டு. கேட்டு வாங்குங்கள். சாவைக் கேட்பவர்களில் பலர் வலி அடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்பது இந்தத் துறை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

லிவிங் வில் எழுத இப்போது பெரிய சிரமமில்லை. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். வெண்டிலேட்டர், மூக்குவழிக் குழாய், டயாலிசிஸ் போன்றவற்றில் எது, எந்த நிலையில் வேண்டாம் என்று தெளிவாக எழுத வேண்டும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவு சொல்பவர்களின் பெயர் வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். நேரம் வரும்போது மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கருவி எடுக்கப்படும்; நீதித்துறை நடுவருக்குத் தகவல் சொன்னால் போதும், அவர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். எழுதிவைக்காதவர்களுக்கும் இதே குழுக்கள்தான், குடும்பத்தின் சம்மதத்தோடு.

ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடமும், ஒன்றை நீங்கள் பெயர் எழுதியவர்களிடமும் கொடுங்கள். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். சுயநினைவோடு பேச முடிகிறவரை இந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியிடமே கேட்டால் போதும்.