ஆட்டிசம் குழந்தைக்குக் கம்ப்யூட்டரை அமைதியாக்குங்கள்

எண்ணூரில் வசிப்பவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் ஹார்ன் நமக்குப் பழகிவிட்டது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அது பழகுவதே இல்லை. அவர்கள் காதைப் பொத்திக் கொண்டு அழுதால் பிடிவாதம் என்று அதட்டுகிறோம். ஒலி, ஒளி, தொடுதலை மிக அதிகமாகவோ, மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம். 5 சேர்த்துக் கொண்டது 2013ல் தான்.

சாலையை நம்மால் மாற்ற முடியாது. வீட்டுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரை மாற்றலாம். பெரிய சத்தத்தைவிட, எதிர்பாராத நேரத்தில் வரும் சின்ன சத்தமே பல குழந்தைகளை மிரள வைக்கிறது. இங்கு தரப்படுபவை விண்டோஸ் 11க்கான வழிகள்.

ஸ்டார்ட் கிளிக் செய்து, சேஞ்ச் சிஸ்டம் சவுண்ட்ஸ் என டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் சவுண்ட் ஸ்கீம் என்பதில் நோ சவுண்ட்ஸ் தேர்ந்தெடுக்கவும். ப்ளே விண்டோஸ் ஸ்டார்ட்அப் சவுண்ட் என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு, ஓகே கிளிக் செய்திடவும்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. ஷிப்ட் கீயை 5 முறை தொடர்ந்து தட்டினால் பீப் ஒலியுடன் ஒரு செய்திக் கட்டம் எழும். ஒரே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டி மகிழும் குழந்தைக்கு இது பெரிய அதிர்ச்சி. செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு எனச் சென்று, ஸ்டிக்கி கீஸ் பிரிவில் ஷார்ட்கட்டை ஆப் செய்திடவும். அதே அக்சஸிபிலிட்டியில் விஷுவல் எபெக்ட்ஸ் சென்று அனிமேஷன் எபெக்ட்ஸையும் நிறுத்தவும். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், விண்டோ வழுக்கி வருவதெல்லாம் அழகுக்காக. வேலைக்கு அது தேவையில்லை.

கரண்ட் போனால் யுபிஎஸ் அலறுமே, அது? சில மாடல்களில் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒலி நிற்கும். உடன் வந்த கையேட்டைப் பாருங்கள்.

ஹெட்போன் மாட்டிவிட்டால் தீர்ந்தது என எண்ண வேண்டாம். தலையை அழுத்தும் அந்தத் தொடுதலே சில குழந்தைகளுக்குப் பொறுக்காது. வேறு சில குழந்தைகளோ சத்தத்தையும் சுழலும் காட்சியையும் தேடிப் போவார்கள். அவர்களிடம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் தவறு.

எது தொந்தரவு என்று பேச்சு வராத குழந்தை எப்படிச் சொல்லும்? இதற்கு உதவுகிறது நம் சென்னையில் உருவான ஆவாஸ் அப்ளிகேஷன். ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்புடன் இணைந்து பணியாற்றி இதை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் டேப்லட் அந்தச் சொல்லைப் பேசும். 2011ல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரெவ்யூ இதழ், 35 வயதுக்குட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக இவரைத் தேர்ந்தெடுத்தது.

மேலே சொன்ன மாற்றங்களை ஒரே நாளில் செய்திட வேண்டாம். திடீர் மாற்றமும் இக்குழந்தைகளுக்குச் சுமையே. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது, நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஸ்பீக்கரின் வால்யூம் திருகை மட்டும் முதல் நாளே அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.