நேற்றைய மீன் குழம்பு: சுவையும் எச்சரிக்கையும்

மீன் குழம்பு மறுநாள்தான் சுவைக்கும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. புளியும் காரமும் மீனில் ஊறுவதால் அது உண்மையே. ஆயினும், இரவு முழுவதும் சட்டியை அடுப்பின் மேலேயே மூடி வைத்து, காலையில் கொதிக்க வைத்து உண்பது பாதுகாப்பானதன்று.

கொதிக்க வைத்தால் போதாதா?

நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. போதாது என்பதே எங்கள் விடை. சமைக்கும்போது பெரும்பாலான கிருமிகள் மடிந்தாலும், சிலவற்றின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். குழம்பு ஆறி 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவை பெருகத் தொடங்கும். கரண்டி வழியாகவும் கை வழியாகவும் வேறு கிருமிகள் சேரும். அவற்றுள் சில உண்டாக்கும் நச்சு, மீண்டும் கொதித்தாலும் அழிவதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. போதிய குளிர்ச்சியின்றிக் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் மிகும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது நீங்காது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும். தலைவலி, படபடப்பு, அரிப்பு தோன்றும். இதனை மீன் ஒவ்வாமை என்று தாமே முடிவு செய்து, மீனையே கைவிடுவோர் உண்டு. எந்த மீன், எப்போது வாங்கியது, எப்படி வைத்திருந்தது என்பவற்றை மருத்துவரிடம் கூறினால் வேறுபாட்டை அறிய உதவும்.

வைக்கும் முறை

• சமைத்த 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடும் வெயில் காலத்தில் 1 மணி நேரத்திற்குள்.
• மண்சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஆகவே குழம்பை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்றி ஆறவிடுங்கள்.
• பெட்டியின் குளிர்நிலை 5 பாகைக்கு மேற்படலாகாது. குழம்பாயினும் வறுவலாயினும் 3 நாள்களுக்குள் உண்டு முடியுங்கள்.
• வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்கு கொதிக்க வைத்து உண்ணுங்கள். எஞ்சியதை மீண்டும் உள்ளே வைக்க வேண்டா.
• மின்தடை 4 மணி நேரத்தைக் கடந்தால் அக்குழம்பைக் கொட்டிவிடுங்கள்.

கெட்டதை அறிவது

புளித்த வாடை, மூக்கைத் துளைக்கும் நெடி, மேலே நுரை அல்லது குமிழி, மீன் துண்டில் பிசுபிசுப்பு ஆகியவை கெட்டதன் அடையாளங்கள். ஐயம் எழுந்தால் சுவைத்துப் பார்க்காதீர்கள். இவ்வடையாளங்கள் இல்லை என்பதால் மட்டும் உணவு நல்லதென்று கொள்ளலாகாது. நோய் தரும் கிருமிகள் பல, மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. மூக்கைவிடக் கடிகாரத்தை நம்புவதே நன்று.

கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், மாற்று உறுப்பு பொருத்தப்பட்டோர் ஆகியோருக்கு அன்று சமைத்ததையே சூடாகக் கொடுங்கள். மீன் உண்டபின் மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.