லாரிக்குப் பல்வலி!

குழந்தைக்குப் பல் முளைத்தாலும் கஷ்டம். பாட்டிக்குப் பல் விழுந்தாலும் கஷ்டம். லாரிக்குப் பல் விழுந்தாலோ குடும்பத்துக்கே கஷ்டம்! நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு லாரியை நம்பி அடுப்பு எரிகிற வீடுகள் அங்கே உண்டு. வண்டி வாசலில் நின்றுவிட்டாலும் கடன் தவணை நிற்பதில்லை.

"ஏனுங்க, மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்குங்களா? நாமளே கழட்டிப் பாத்தா ஆகாதுங்களா?" என்று வீட்டுக்காரி கேட்பாள்.

"ஆகும் புள்ளே. ஆனா எது மட்டும் ஆகும்னு தெரிஞ்சிருக்கோணும்" என்பார் விவரம் தெரிந்த வீட்டுக்காரர்.

அந்த 'எது மட்டும்' என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் என்ன?

டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. மிக மெதுவாகச் சுற்றினால் வலு போதாது. மிக வேகமாகச் சுற்றவும் முடியாது. நடுத்தர வேகத்தில்தான் நன்றாக உழைக்கும். லாரியோ பாரத்துடன் மேடும் ஏற வேண்டும், சமதரையில் ஓடவும் வேண்டும். இந்த இருவருக்கும் இடையே சமாதானம் செய்து வைக்கும் மத்தியஸ்தர்தான் கியர் பாக்ஸ். சிறிய பல்சக்கரம் பல தடவை சுற்றிப் பெரிய சக்கரத்தை ஒரு தடவை சுற்ற வைக்கிறது. வேகம் குறைகிறது; வலு கூடுகிறது. பல லாரிகளில் முதல் கியரில் எஞ்சின் ஆறேழு சுற்றுச் சுற்றினால்தான் பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும்!

கியர் மாற்றுவது என்றால் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு உறுப்புக்களைக் கோத்துவிடுவது. முற்காலத்து டிரைவர்கள் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்சை மிதித்து இதைச் சாதித்தார்கள். 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' என்ற ஏற்பாடு வந்தது. கூம்பு வடிவமான ஒரு வளையம் முதலில் உரசி, இரண்டு வேகத்தையும் சமமாக்கி, அதன் பிறகே பல்லோடு பல் சேர விடுகிறது. கல்யாணத்துக்கு முன் நிச்சயதார்த்தம் மாதிரி! பெரும்பாலும் பித்தளையாலான இந்த வளையந்தான் நாளடைவில் தேய்கிறது.

நோய் எங்கே?

கடமுடவென்று சத்தம் கேட்டதும் பெட்டியை இறக்கிவிடக் கூடாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

எல்லாக் கியருமே 'கரகர' என்றால் குற்றவாளி கியர் பாக்ஸாக இல்லாமல், சரியாக விடுபடாத கிளட்சாக இருக்கலாம். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அதன் வளையத்தைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால், பெட்டிக்குள் பேரிங் தேய்ந்திருக்கலாம். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங்கைப் பாருங்கள். போட்ட கியர் தானே துள்ளி வெளியே வந்தால், பற்களோ, தள்ளும் கவையோ, பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும்.

அடுத்தபடி எண்ணெய். அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒரு சுத்தமான பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். அடைப்பானில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை. அது சாதாரணத் தேய்மானம். எஃகுத் துண்டுகள் கிடந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. புது எண்ணெய் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன ரகமாகவே இருக்கட்டும். பின் அச்சுக்கு ஊற்றுகிற சில எண்ணெய்களின் கந்தகச் சரக்கு பித்தளையை அரித்துவிடும்.

கைவைக்கும் முன்

லாரியின் கியர் பாக்ஸ் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். பெரிய வண்டிகளில் இன்னும் அதிகம். அது மேலே விழுந்தால் வைத்தியனுக்குக்கூட வேலை இராது. ஆகவே சமதரை வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. இன்னொன்று: பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால், "கியரில்தானே நிறுத்தியிருக்கிறோம்!" என்ற தைரியம் பலிக்காது. வண்டி உருளும்!

பெட்டியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அதன் பாரம் கிளட்ச் தட்டின்மேல் தொங்கக் கூடாது, தட்டு வளைந்துவிடும். மேல் மூடியைத் திறக்கையில் சிறு குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துள்ளி ஓடும். பெரிய தாம்பாளம் ஒன்றை அருகே வையுங்கள். கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டுமே அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளி வளையத்தைத் தட்டினால் புது பேரிங்கும் அன்றே பழசாகிவிடும். ஆயில் சீலும் பேக்கிங்கும் எப்போதும் புதிதாகவே போடவேண்டும்.

எண்ணெய் மாற்றுவது, சீல் போடுவது, மூடியைத் திறந்து ஸ்பிரிங் மாற்றுவது எல்லாம், அனுபவமுள்ள கை ஒன்று கூட இருந்தால், வீட்டு வாசலிலேயே ஆகும். பேரிங்கின் இறுக்கத்தை நூலிழைக் கணக்கில் அளந்து தகடு வைப்பதும், ஷாஃப்டுகளைப் பிரஸ்ஸில் அழுத்துவதும் பட்டறைக் காரியம். கம்ப்யூட்டரே கியர் மாற்றுகிற புது ரக லாரிகளையும், உத்தரவாதக் காலம் முடியாத வண்டிகளையும் தொடவே வேண்டாம்.

உங்கள் பங்கு

"ஸ்பானர் பிடிப்பது எங்கள் வேலையா?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிடித்தால் தப்பில்லை, பிடிக்காவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினோம், எந்தப் பேரிங் போட்டோம், என்ன விலை என்று பால் கணக்கைப் போல எழுதி வாருங்கள். பட்டறைக்குப் போனால் கழற்றிய பழைய உறுப்புக்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முறிந்த பல்லைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பில்லுக்குப் பணம் கொடுப்பவர்களை ஏமாற்றுவது சுலபமல்ல!